ரெஜினோல்ட் அடித்த தகடுகள்

இடது கையின் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எழுத்துப் பன்ச்சைப் பிடித்திருந்தன. பென்சிலில் பாதி நீளம்கூட இல்லாத சதுர இரும்புத் துண்டு அது. முனையில் ஓர் ஆங்கில எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி நின்றது. தகட்டில் கீறியிருந்த கோட்டைப் பன்ச்சின் முனை தொட்டதும், சுண்டுவிரல் தகட்டின் மேல் ஊன்றிக்கொண்டது. வலது கையில் இரண்டு இறாத்தல் சுத்தியல். ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் பன்ச் மயிரிழை நகர்ந்து, எழுத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் மாதிரி இன்னொன்று விழும். மெல்லிய அலுமினியத்தில் அதை அரத்தால் தேய்த்து மறைக்கலாம். துருப்பிடிக்காத உருக்கில் அது நடக்காது.

சுத்தியல் இறங்கியது. பன்ச் தன் இடத்துக்குத் திரும்பியது. விரல்கள் பெட்டியைப் பார்க்காமலே அடுத்த எழுத்தை எடுத்தன.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, தொழிற்சாலை வேர்க்ஷொப்பின் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாயிற்று. தகட்டுக்குப் பக்கத்தில் இருபத்துநான்கு சொற்கள் எழுதிய ஒரு சிறு அட்டை கிடந்தது. ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்து போதும். அதைக் கொண்டே முழுச் சொல்லையும் கண்டுபிடித்துவிடலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். சில சொற்களுக்கு மூன்றே எழுத்து. அந்த இடங்களில் நான்காவது கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. எழுத்தை மறந்துவிடவில்லை, எழுத்தே இல்லை என்பதற்கான அடையாளம்.

ரெஜினோல்ட்டுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இலங்கையில் தெஹியோவிட்டயிலிருந்து தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, ஆட்டோவில் இருபது நிமிடம் மேலே போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் அவர் ஃபிட்டர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பதினேழு வயதில் வேர்க்ஷொப்பைக் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தபோது, பழைய இரும்புக் குவியலுக்குள் துருவேறிய எழுத்துப் பன்ச் பெட்டி ஒன்று கிடைத்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தெடுத்தார். எண்களில் 5 மட்டும் இல்லை. உடைந்த அரத்தின் வால் துண்டில் தானே ஒரு 5 வெட்டினார். மூன்று வாரம் பிடித்தது. அடித்துப் பார்த்தால் 5 திரும்பி விழுந்தது. பன்ச்சில் எழுத்து மாறி நிற்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். மறுபடியும் மூன்று வாரம்.

பிறகு ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர்களின் வாளிகளுக்கு எண் அடிப்பது அவர் வேலையாயிற்று. அவர் அடித்த எண் இருக்கிற வாளியைப் பார்த்து, பாரம் நிறுக்கிற இடத்தில் யாரும் இது என்னுடையது உன்னுடையது என்று சண்டை போட்டதில்லை. தோட்டத்துக் கல்லறையில் சிலுவைகளில் இருக்கிற பெயர்த் தகடுகளும் அவர் அடித்தவைதான். அதற்கு அவர் யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. பெயரில் ஓர் எழுத்து கோணலாகிவிட்டால் தகட்டையே வீசிவிட்டுப் புதிதாக அடிப்பார்.

அவருக்கும் பால் வெட்டுகிற அருள்செல்விக்கும் ஒரே மகள், ஜூலியட். உயர்தரம் வரை படித்தாள். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம், மருந்துப் போத்தல், மோட்டரில் ஒட்டியிருக்கும் குறிப்பு எல்லாவற்றுக்கும் அவளே அர்த்தம் சொல்வாள். ரெஜினோல்ட் ஆங்கில எழுத்துகளைப் பன்ச் முனையில் பார்த்துப் பழகியவர். எழுத்து தெரியும், சொல் தெரியாது. "இது என்னா பாப்பா?" என்று கேட்பதும், "அப்பா, இதுகூடத் தெரியாதா?" என்று அவள் சலித்துக்கொள்வதும் அந்த வீட்டில் தினமும் நடந்தது. இருபத்துநான்கு வயதில் அவள் சைப்பிரஸுக்குப் போனாள், ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. அதற்குப் பிறகு மோட்டரில் ஒட்டியிருப்பதைப் படிக்க ஆளில்லை.

போன முதல் வருடம் அவள் அனுப்பிச் சேர்த்ததெல்லாம் ரூபாய் விழுந்த வருடத்தில் பாதிப் பெறுமதிக்கு வந்துவிட்டது. தோட்டத்துக்கு வெளியே, பஸ் பாதையோரமாக, தங்கள் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிய ஒரு துண்டு காணி வாங்கி வீடு கட்ட வேண்டும் என்பது அவள் கணக்கு. அதற்குப் பிறகு அவள் ரூபாயை நம்பவில்லை. கூட வேலை செய்த பிலிப்பீன்ஸ் பெண் ஒருத்தி கிரிப்டோ நாணயம் வாங்கக் காட்டிக்கொடுத்தாள். இரண்டு வருடம் அது ஃபோனுக்குள் ஓர் அப்பில் கிடந்தது. பிறகு அந்தப் பிலிப்பீன்ஸ் பெண்ணின் ஃபோனுக்குள் யாரோ புகுந்து, அவளுடையதை எல்லாம் ஒரு காலைப்பொழுதில் வழித்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் ஜூலியட் வீட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அப்பா, இங்கருந்து அக்கா ஒருத்தங்க ஊருக்கு வாறாங்க. அவங்ககிட்ட ஒரு சின்னப் பெட்டி குடுத்து வுடுறேன். கம்பெனிக்காரங்ககிட்ட நேரா வாங்கினது. சீல் உடைஞ்சிருந்தா தொறக்காதீங்க."

"என்னா பெட்டி?"

"வொலட்டுன்னு சொல்வாங்க. என்னோட காசுக்குச் சாவி வைக்கிற பெட்டி. இன்டர்நெட்டுல மாட்டாம தனியா இருக்கும். அதனால யாரும் உள்ள பூர முடியாது."

"காசு அந்தப் பெட்டிக்குள்ள இருக்குமா?"

"காசு எங்கயும் இல்லப்பா. கணக்கு மட்டும் ஒலகத்துல இருக்கிற ஆயிரக்கணக்கான கம்பியூட்டர்ல இருக்கு. அதத் தொறக்கிற சாவிதான் நம்மகிட்ட."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அருள்செல்வி, "நல்லாருக்கு. இல்லாத காசுக்கு ஒரு பெட்டி, அதுக்கொரு சாவி" என்றாள்.

"அம்மா, நீங்க சும்மா இருங்க. அப்பா, பெட்டிய மொத மொத போட்டதும் அது இருபத்துநாலு சொல்லு காட்டும். அதான் உண்மையான சாவி. பெட்டி ஒடஞ்சாலும் தொலஞ்சாலும் அந்தச் சொல்ல வச்சி வேற பெட்டியில எல்லாத்தையும் எடுத்துரலாம். ஆனா அந்தச் சொல்லு வேற யார் கையிலயாச்சும் கெடச்சா, பெட்டியே தேவையில்ல, வழிச்சிட்டுப் போயிருவான்."

"நீயே போட்டுக்க வேண்டியதுதானே?"

"இந்த வீட்டுல ரூமுக்கு ரூம் கமரா. கெழவியோட மகன் லண்டன்லருந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. என் கட்டிலும் கெழவி ரூமுலதான். அந்தச் சொல்லு கமராவுல விழவே கூடாது. நீங்களும் போட்டோ புடிக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க."

"ஒனக்குமா?"

"ஃபோன்ல சொல்லாதீங்க. நான் நேர்ல வந்து வாங்கிக்கிறேன்."

அவள் போனதிலிருந்து எல்லாம் ஃபோனில்தான் வந்தது, எல்லாம் ஃபோனில்தான் போனது. பிறந்தநாள், காய்ச்சல், சண்டை, மாமா செத்த செய்தி. ஃபோனில் கொடுக்க முடியாத ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. அன்று முழுக்க ரெஜினோல்ட் 'நேர்ல வந்து வாங்கிக்கிறேன்' என்பதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டி சீல் உடையாமல் வந்து சேர்ந்தது. உள்ளே தீப்பெட்டி நீளத்தில் சிறு திரையும் இரண்டு பொத்தானும் உள்ள கருவி. வயர் மட்டும் அவருடைய ஃபோனுக்குப் பொருந்தவில்லை. தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஜாபிரிடம் கொண்டு போனார். ஜாபிர் மாவனல்லைக்காரர். தோட்டத்து ஃபோன்கள் எல்லாம் அவர் கையில்தான் பிழைக்கும், அல்லது சாகும்.

ஜாபிர் கருவியைக் கண்டதும் இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, கேபிள் தாறன். கம்பெனிட சொந்த அப் போட்டுத் தாறன். அதுக்கு மேல எனக்கு ஒண்டும் காட்ட வாணாம்."

"ஏன் ஜாபிர், ஒங்கள நம்பாமலா கொண்டாந்தேன்?"

"நம்புறதாலதான் செல்றன். நாளைக்கி ஏதும் பிழச்சா ஒங்கட மூஞ்சி என்ட பக்கம்தான் திரும்பும்."

"சரி சரி. இதுல எழுதுற அட்டைய லெமினேட் பண்ணிக்கலாமா?"

தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், கடைசியாக வந்த மின்சாரப் பட்டியல்வரை எல்லாம் லெமினேட்தான். ஜாபிர் சிரித்தார்.

"பண்ணலாம். நான் பாப்பன், மெஷினுக்கு முன்னால நிக்கிற நாலு பேரும் பாப்பாங்க. அதுக்குப் பொறகு அது எல்லாருட காசும்தான்."

அட்டையை அப்படியே வைக்கவும் வழியில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எட்டு மாதம் ஈரம், மற்ற நான்கு மாதம் கறையான். இரண்டு வருடத்துக்கு முன் மேல் லயத்தில் தீப் பிடித்து ஆறு வீடு போயிற்று. அலுமினியத் தகடு தீயில் உருகிவிடும் என்பது ரெஜினோல்ட்டுக்குத் தெரியும். பழைய பால் தாங்கியின் உருக்கு மூடி ஒன்று வேர்க்ஷொப் சுவரில் சாய்ந்திருந்தது. அதைத்தான் வெட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வேர்க்ஷொப்புக்குப் போனார். கருவியைச் சார்ஜரில் செருகினார். முதலில் எட்டு இலக்கம் கொடுக்கச் சொன்னது. பிறந்த தேதி எதுவும் வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். யாருக்கும் ஞாபகமில்லாத பழைய வாளிகளின் எண்களிலிருந்து எட்டு இலக்கம் சேர்த்தார். பிறகு சொற்கள் வந்தன, ஒவ்வொன்றாக. பெட்டிக்குள் சொல் எழுதிய அட்டை முன்னாலேயே இருந்தால் அது களவுக்காரன் வேலை, வீசிவிடுங்கள் என்று அவள் எச்சரித்திருந்ததால், அட்டை வெறுமையாக இருப்பதை இரண்டு பக்கமும் பார்த்த பிறகே பேனாவை எடுத்தார். எழுதி முடித்ததும் கருவி அவரிடம் திருப்பிக் கேட்டது. சரியாகச் சொன்னார்.

இருபத்துநான்கில் ஒன்பது சொல்லுக்குத்தான் அவருக்கு அர்த்தம் தெரிந்தது. மற்ற பதினைந்தையும் கேட்க ஒருத்தி இருந்தாள். அவளிடம் கேட்கக் கூடாது.

முதல் தகட்டில் பன்னிரண்டு சொல் அடித்து முடித்ததும் அவர் கை நின்றது. தகட்டில் இன்னும் இடமிருந்தது. கீழே பன்னிரண்டு வரிசைக்கும் கோடுகூடக் கீறியிருந்தார்.

காய்ந்த ரப்பர் சீட்டுகளை அடுக்கும் ஸ்டோருக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தொழிற்சாலைப் பொறுப்பாளரிடம், மற்றது ஆபீசில். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். எந்தத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். முப்பத்தைந்து வருடமாக அந்தப் பூட்டுகளுக்கு எண்ணெய் விடுவது ரெஜினோல்ட். பாதுகாப்பு என்றால் அவருக்கு அதுதான் தெரியும். மூடியில் இன்னொரு துண்டு வெட்டினார். பதின்மூன்றாவது சொல்லிலிருந்து அதில் அடித்தார். ஒன்று அவளுக்கு, ஒன்று தனக்கு. ஒருவன் ஒன்றைத் திருடினாலும் பிரயோசனமில்லை. இரண்டு பேரும் வந்து நின்றால்தான் திறக்கும்.

அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முதல் தகட்டில் மிச்சமிருந்த இடத்தை இரும்பு வாளால் அறுத்தெடுத்தார், அங்கே ஒன்றும் வராமல் போனது கண்ணில் படாதபடி. அட்டையை உலை நெருப்பில் போட்டார்.

அடுத்த ஞாயிறு ஜூலியட் சொன்னாள், "அப்பா, நீங்க அப்புல எடுத்து அனுப்பின விலாசத்துக்குக் காசு கொஞ்சமாத்தான் அனுப்பியிருக்கேன். இப்ப பெட்டிய அழிங்க."

"என்னா?"

"அழிச்சிட்டு, தகட்டுல இருக்கிறத வச்சித் திரும்ப எடுங்க. எடுக்க முடிஞ்சாத்தான் மிச்சத்த அனுப்புவேன். நீங்கதானே சொல்வீங்க, ஓட்டிப் பாக்காத மோட்டர் சரியாகின மோட்டர் இல்லன்னு."

ஃபோனை முகம் கவிழ்த்துப் பெஞ்சில் வைத்தார். மூன்று முறை பிழைத்தால் கருவி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்பதால், வேண்டுமென்றே பிழையான இலக்கம் கொடுத்தார். மூன்றாவது முறை பொத்தானை அழுத்த விரல் உடனே போகவில்லை. அழுத்தினார். திரை இருண்டு, பிறகு புதிதாய் வாங்கிய அன்றுபோல வரவேற்றது. உள்ளே எதுவுமே இல்லை.

இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு பொத்தானால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கருவி நான்காவது எழுத்தில் முழுச் சொல்லைக் காட்டும். மூன்றெழுத்துச் சொற்களில் புள்ளி வழிகாட்டியது. வாய்க்குள்ளும் படிக்கவில்லை, கவிழ்ந்து கிடந்தாலும் ஃபோனுக்குக் காது இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஜூலியட்டும் அந்தப் பக்கம் பேசாமல் இருந்தாள். இடையில் ஒருமுறை மட்டும் கிழவி கூப்பிடுகிற சத்தமும், அவள் கிரேக்கத்தில் ஏதோ பதில் சொல்கிற சத்தமும் கேட்டது. மகள் அந்தப் பாஷையை இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"வந்துருச்சி" என்றார். "விலாசம் காட்டுது."

"மொத நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் சொல்லுங்க. அது வெளிய தெரிஞ்சாப் பரவால்ல."

சொன்னார்.

"அதேதான்பா!" ஃபோன் அதிர்ந்தது. "அப்பா, தகடு பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு" என்றார். இரண்டு என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். ஜூலியட் மாதாமாதம் அனுப்பினாள். அனுப்பும்போதெல்லாம் அவர் கருவியின் திரையில் விலாசத்தைப் பார்த்து எட்டு எழுத்துச் சொல்வார், அவள் சரி என்பாள். பேச்சு அதில் தொடங்கி வேறெங்கோ போய் முடியும். ஒரு தகட்டை வீட்டுக் கூரை மரத்துக்கு மேலும், மற்றதை வேர்க்ஷொப்பில் கடைசல் இயந்திரத்தின் அடிப்பலகைக்குப் பின்னாலும் வைத்திருந்தார். சில நாள் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு அடிப்பலகையைக் கழற்றி, அந்தச் சொற்களைப் படிப்பார். பதினெட்டாவது சொல் ஒன்று அவரைத் தொந்தரவு செய்தது. நல்ல சொல்லாக இருக்கும் என்று தோன்றியது. அகராதியில் பார்க்கலாம், ஆனால் யாராவது எதற்கு என்று கேட்பார்கள். அவள் வரட்டும்.

அவள் வந்தாள். பதினெட்டு நாள் லீவு.

முதல் வாரம் சொந்தக்காரர்கள் விடவில்லை. அருள்செல்வி மூன்று நாள் வேலைக்குப் போகாமல் சமைத்தாள். "இந்தா, மீனு தின்னு. அங்க தவக்களையா தின்ன?" என்று கேட்டு மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்த்தாள். ஜூலியட் கொஞ்சம் பருத்திருந்தாள். காலையில் சர்க்கரை இல்லாமல் கோப்பி குடித்தாள். அப்பாவிடம் பேசும்போது இடையில் ஒரு கிரேக்கச் சொல் வந்து விழும். அவளே சிரித்துக்கொண்டு மாற்றுவாள். ரெஜினோல்ட் வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வருகிறபோதெல்லாம் வாசலில் அவள் செருப்பு கிடக்கிறதா என்று முதலில் பார்த்தார்.

பதினைந்தாம் நாள் காலை, அவள் கேட்டாள்.

"அப்பா, பெட்டிய நான் எடுத்துட்டுப் போறேன். இப்பதான் அதுல சொல்லு காட்டாதே, கமரா இருந்தாலும் பயமில்ல. தகடு எங்க?"

அவர் கூரை மரத்தைத் தடவி, துணியில் சுற்றியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். அவள் அவிழ்த்தாள். எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். "என்னா வடிவாருக்கு" என்றாள். பிறகு வரிசை எண்ணைப் பார்த்தாள். பன்னிரண்டோடு நின்றிருந்தது. திருப்பினாள். பின்பக்கம் வெறுமை.

"மிச்சம்?"

"அது என்கிட்ட இருக்கு. ஸ்டோர் மாதிரி, ரெண்டு பூட்டு. ஒன்ன எவனாச்சும் எடுத்தாலும் ஒன்னும் பண்ண ஏலாது."

ஜூலியட் பலகையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஸ்டோர் சாவி தொலஞ்சா என்னா பண்ணுவீங்க?"

"பூட்ட வெட்டுவேன்."

"வெட்டியிருக்கீங்களா?"

"ரெண்டு தடவ."

"இத வெட்ட ஒலகத்துல ஆளில்லப்பா. பேங்க் இல்ல, போலீஸ் இல்ல, தொர இல்ல, யாரும் இல்ல. ஒரு தகடு போனா மத்தது வெறும் இரும்பு. நீங்க செஞ்சது ரெண்டு பூட்டு இல்ல. ஒரே சாவிய ரெண்டா ஒடச்சி வச்சிருக்கீங்க." அவள் வாசல் வழியே மேலே கைகாட்டினாள். லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில், மண் சரியும் அபாயம் என்று அரசாங்கம் நட்ட பலகை நின்றது. "அது எறங்கி வந்தா? நான் நாலு வருசம் கெழவிக்குக் குண்டி கழுவினது அந்த மண்ணுக்குள்ள போயிரும்."

"வேர்க்ஷொப்புல இருக்கிறது போகாது."

"வேர்க்ஷொப்பு மட்டும் என்னா, ஆகாசத்துலயா இருக்கு?"

ரெஜினோல்ட் அவள் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார். வேலையில் பிழை விட்டவர் அல்ல அவர். அந்தத் தகட்டில் ஓர் எழுத்துகூடக் கோணல் இல்லை. பிழை எழுத்தில் இல்லை என்பது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது போலத்தான் அவர் முகம் இருந்தது.

அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அருள்செல்வி திரும்பாமலே சொன்னாள்.

"அந்தாளுக்குக் களவுக்காரன் பயம் இல்ல புள்ள. எல்லாத்தையும் ஒன் கையில குடுத்துட்டா நீ அங்கயே இருந்துருவன்னு பயம். பாதிய வச்சிக்கிட்டா தேடி வருவன்னு."

"நீ சும்மா இரு" என்றார் ரெஜினோல்ட்.

"நான் சும்மாதான் இருக்கேன். நாலு வருசமா."

ஜூலியட் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நான் வாறதுக்கு ஒரு தகடு வேணுமா?"

"வேணாம்தான்" என்றார். பிறகு, "இருந்தா நல்லாருக்கும்னு ஒரு நெனப்பு."

ஜூலியட் தகட்டைத் துணியில் திரும்பச் சுற்றினாள். ஒரு மடிப்பும் பிசகாமல் சுற்றினாள். அது அவரிடமிருந்து வந்தது.

"விசா இன்னும் ரெண்டு வருசம் இருக்குப்பா. அதுக்குப் பொறகு இத்தாலிக்குப் போகலாம்னு சில பேர் சொல்றாங்க. நான் போவேன்னும் சொல்லல, போகமாட்டேன்னும் சொல்லல. ஒங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். காணி வாங்கினா அது நீங்களும் அம்மாவும் இருக்கிறதுக்கு. நான் இருப்பேனான்னு எனக்கே தெரியாது."

ரெஜினோல்ட் சட்டையை மாட்டினார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் அருள்செல்வி.

"வேர்க்ஷொப்புக்கு. இவளையும் வரச் சொல்லு. அந்தத் தகட்டையும் எடுத்துக்கிட்டு."

பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் தொழிற்சாலையில் ஆளில்லை. சிங்களக் காவல்காரர் மட்டும் வாசலில் நின்று, "துவ ஆவாத? ஹரி ஹரி" என்று, மகள் வந்துவிட்டாளா எனக் கேட்டு, அவளைப் பார்த்துச் சிரித்து உள்ளே விட்டார். ரெஜினோல்ட் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். இரண்டு ஃபோனையும் வெளியே தகரப் பெட்டியில் வைத்தாயிற்று. கடைசல் இயந்திரத்தின் அடிப்பலகையைக் கழற்றினார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு இரண்டு தகடுகளும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

பால் தாங்கியின் மூடியில் மிச்சமிருந்ததில் நீளமான துண்டொன்றை வெட்டினார். இருபத்துநான்கு வரிசைக்குக் கோடு கீறினார். ஜூலியட் பழைய தண்டவாளத் துண்டைத் துடைத்து, அதன் மேல் தகட்டை வைத்துப் பிடித்தாள்.

"அசையாமப் புடி. ஆடிச்சின்னா போச்சு."

"தெரியும்பா."

"தெரிஞ்சா ஏன் மூச்சு வாங்குற?"

அடித்தார். ஒவ்வொரு சொல்லாக, ஒரே அடியாக. ஒரு சொல் முடிந்ததும் நிறுத்தி, அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இது என்னா?" என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். இன்னொன்று. அதையும் சொன்னாள். ஆறாவதில், "அப்பா, இதுகூடத் தெரியாதா?" என்று வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பதினெட்டாவதைக் கேட்டபோது அவள் சொல் தேடினாள். தமிழில் ஒரே சொல்லில் வரவில்லை போல. கையால் காட்டி, பிறகு சொன்னாள். அவர் தலையாட்டினார். தான் நினைத்தது இல்லை. ஆனாலும் நல்ல சொல்தான்.

முழுத் தகடு அடித்து முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவள் கருவியை எடுத்துத் தானே அழித்தாள், புதுத் தகட்டைப் பார்த்துத் தானே மீட்டெடுத்தாள். விலாசத்தின் எட்டு எழுத்தும் சரியாக வந்தன. அவர் அறியாத புது இலக்கம் ஒன்றைக் கொடுத்தாள். ரெஜினோல்ட் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"இந்த நீளத் தகடு ஒங்களுக்கு" என்றாள். "வீட்டுலயும் வேணாம், இங்கயும் வேணாம். கீழ டவுன்ல பேங்க் லொக்கர் எடுப்போம், நாளைக்கே. எனக்கு ஒன்னு எடுத்துட்டுப் போறேன். ஞாயிறு பூசைக்குப் போற கோயில்ல சிஸ்டர்மார் எங்களுக்குச் சின்ன லொக்கர் குடுத்திருக்காங்க. பெட்டி வேற இடம், தகடு ரெண்டும் வேற வேற இடம். எது போனாலும் மத்தது இருக்கும்."

"சிஸ்டர்மார் பாத்துட்டா?"

"பாக்க மாட்டாங்க."

"பாக்க ஏலாத மாதிரி செய்யலாம்."

அவர் பழைய தகடுகள் இரண்டையும் எடுத்தார். ஒன்றின் எழுத்துப் பக்கத்தை மற்றதன் எழுத்துப் பக்கத்தோடு வைத்தார். நீளமும் அகலமும் ஒரே அளவு. ஒன்றிலிருந்து அறுத்துப் போட்ட அன்று அளந்தது. நான்கு மூலையிலும் துளையிட்டு, செப்பு ரிவெட் இறக்கி, தலையைத் தட்டி மடக்கினார். சொற்கள் உள்ளே போய்விட்டன. பிறகு சிறு உளியை எடுத்து, ரிவெட் தலையிலும் தகட்டிலும் சேர்ந்து விழும்படி மூலைக்கொரு கீறல் கீறினார்.

"யாராச்சும் ரிவெட்டக் கழட்டி வேற போட்டா இந்தக் கோடு பொருந்தாது. அப்படி இருந்தா எல்லாத்தையும் வேற பெட்டிக்கு மாத்திரு."

"நான் சொல்லித் தரணும்னு நெனச்சேன்" என்றாள் ஜூலியட்.

"பூட்டு எனக்குத் தெரியாதா?"

அரத்தால் ஓரங்களைத் தேய்த்தார். தேய்க்க வேண்டியதைவிடக் கூடுதலாகவே தேய்த்தார். பையின் துணியைக் கிழித்துவிடும் என்றார். கையை வெட்டிவிடும் என்றார். வெளியே மழை பிடித்தது. காவல்காரர் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்று யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ஜூலியட் அவசரப்படுத்தவில்லை. பெஞ்சில் சிந்தியிருந்த இரும்புத் தூளைக் கையால் கூட்டி ஒரு மூலையில் சேர்த்தாள்.

"ஏர்போட்டுல இது என்னான்னு கேட்டா?"

"இரும்புத் துண்டுன்னு சொல்லு. அதுதானே."

"எதுக்குன்னு கேட்டா?"

ரெஜினோல்ட் யோசித்தார். தகட்டைத் துணியால் துடைத்தார். நான்கு ஓரத்திலும் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் பிசிறு தட்டவில்லை. தேய்த்த சூடு இன்னும் இருந்தது. அதை மகளின் கையில் கொடுத்தார்.